அப்பாவின் பவளத் தொட்டிக்கு நான் அளந்த வெளிச்சம்

அப்பா முப்பத்தொரு வருடம் தெருவிளக்கு மாற்றினார். முதல் இருபது வருடம் ஏணியில், கடைசிப் பதினொரு வருடம் தூக்கு வண்டியில். வண்டி வந்த பிறகும், உடன் வேலை செய்தவர்கள் அவரை 'ஏணி' என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் இறந்து ஏழு வாரம் ஆகிறது. துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியவில்லை. படியேறி வந்து, "ஏணி அண்ணன் வீடு இதுதானே?" என்று கேட்டார்கள்.

அவரோடு தெருவில் நடப்பது கஷ்டம். பத்தடிக்கு ஒருமுறை நின்று மேலே பார்ப்பார். சிமிட்டுகிற விளக்கைக் கண்டால், "இன்னும் ஒரு வாரம் தாங்கும்" என்பார். அம்மா அவரோடு சாயங்காலத்தில் வெளியே போவதை எப்போதோ நிறுத்திவிட்டாள். "கல்யாணம் ஆன புதுசுலயே இந்த மனுஷன் என் முகத்தைப் பார்த்து நடக்கலை. கம்பத்தைப் பார்த்துத்தான் நடந்தார்" என்பாள்.

அவரிடம் அளவுக் கருவி கிடையாது. இரண்டு கம்பங்களுக்கு நடுவில் நின்று உள்ளங்கையை விரிப்பார். ரேகை தெரிந்தால் வெளிச்சம் போதும். தெரியாவிட்டால் விளக்கின் சாய்வை மாற்ற வேண்டும். ரேகைக்கு மேல் தோல் மினுங்கினால் அதிகம், எதிர்வீட்டுக்காரர் தூங்க முடியாது. மறுபடியும் ஏறி இறக்கிக் கட்டுவார். அவர் பார்த்த தெருக்களிலிருந்து புகார் வந்ததே இல்லை என்று அவருடைய மேற்பார்வையாளர் என்னிடம் இப்போது சொன்னார். இருக்கும்போது அவரிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

நான் ஒளி அளக்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். தொழிற்சாலைகள், பள்ளிகள், மருத்துவமனைகள் தங்கள் லக்ஸ் மீட்டர்களை எங்களுக்கு அனுப்பும். சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்துச் சான்றிதழ் கொடுப்பேன். அப்பா இதை எல்லாரிடமும் ஒரே வாக்கியத்தில் சொல்வார்: "என் பொண்ணு வெளிச்சத்தை எடை போடுறவ." காய்கறி விற்பவர், பால் போடுபவர், டாக்டர், ஒருவரையும் விட்டதில்லை. ஒருமுறை ஆய்வகத்துக்கு வந்தார். யாரும் சொல்லாமலே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

ஓய்வு பெற்று இரண்டு வருடத்தில் நுரையீரல் இறுக ஆரம்பித்தது. காரணம் தெரியாது, திரும்பச் சரியாகாது என்றார்கள். ஆக்சிஜன் இயந்திரம் கூடத்து மூலையில் நின்று இரவும் பகலும் இரைந்தது. மூக்கிலிருந்து கிளம்பும் குழாய் சமையலறை வரை வந்தது, குளியலறை வரை வந்தது, ஜன்னல் வரை வந்தது. மாடிப்படிக்கு வரவில்லை. ஊரிலுள்ள கம்பமெல்லாம் ஏறியவர் ஜன்னலில் உட்கார்ந்து எதிரே இருந்த ஒரே கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அதையும் பார்ப்பதை விட்டுவிட்டார். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சாப்பாடு பாதியாகக் குறைந்தது.

மாதம் ஒருமுறை, சின்ன சிலிண்டரோடு மருத்துவமனைக்கு அழைத்துப் போவேன். அங்கே காத்திருக்கும் கூடத்தில் ஒரு கடல் நீர்த் தொட்டி. பாறைகள்மேல் பவளங்கள் பூப்போல விரிந்து அசைந்துகொண்டிருக்கும். ஒருமுறை அப்பா அதன் முன்னால் போய் நின்றார். அவர் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை. தொட்டியைச் சுத்தம் செய்ய வந்தவர் கையை உள்ளே விட்டபடியே அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"இது செடியா தம்பி?" என்றார் அப்பா.

"இல்லைய்யா. பிராணி. ஆனா வெளிச்சம் சாப்பிட்டுத்தான் பிழைக்குது. அதோட உடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கு. வெளிச்சத்தை வச்சு அது சமைச்சுப் போடும், இது உட்கார்ந்து சாப்பிடும்."

"நம்ம வீட்டு ஏற்பாடு மாதிரி" என்றார் அப்பா, என்னைப் பார்த்து. நான்கு மாதத்தில் அவர் சொன்ன முதல் நகைச்சுவை அது.

"வீட்ல வைக்கலாமா?"

"வைக்கலாம். தொட்டி, பாறை, உப்பு எல்லாம் எப்படியாவது சமாளிச்சுடலாம். விளக்குலதான் கையைக் கடிக்கும். அதுல கஞ்சத்தனம் பண்ணினா எல்லாம் போயிடும்."

"விளக்கா?" என்றார் அப்பா. நிமிர்ந்து நின்றதில் இருமல் வந்துவிட்டது.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஊர் உலகமெல்லாம் கடல் தண்ணியிலேர்ந்து உப்பை எடுக்குது. இவர் நல்ல தண்ணியில உப்பைப் போடுறார்" என்றாள். தொட்டி வந்தது. இரண்டடி நீளம், யாரோ ஊரை விட்டுப் போகும்போது விற்றது. பாறை வந்தது. உப்பு நீர் பழகுவதற்கு ஆறு வாரம் வெறும் பாறையோடு ஓட வேண்டும். அந்த ஆறு வாரமும் அப்பா படுக்கையில் இல்லை. சோதனைக் குப்பியில் சொட்டு மருந்தை எண்ணி விட்டு, நிறம் மாறுகிறதா என்று ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மீன் வேண்டாம் என்றார். "மீன் இல்லாத மீன் தொட்டி. கல்லுக்கு விளக்குப் போடுற ஆளை இப்பத்தான் பார்க்குறேன்" என்றாள் அம்மா. ஆனால் குழாய் கால்தடுக்காமல் இருக்கத் தொட்டிக்கு வழிவிட்டு நாற்காலியை நகர்த்தி வைத்தவள் அவள்தான்.

விளக்கு கடைசிவரை இழுத்தது. வெளிநாட்டு விளக்குகள் எங்கள் கைக்கு எட்டாதவை. அவருடைய மருந்துக்கே என் சம்பளத்தில் பாதி போனது. குழல் விளக்கு முதலில் மலிவு, ஆனால் வருடத்துக்கு ஒருமுறை எல்லாக் குழலையும் மாற்ற வேண்டும். 'வருடத்துக்கு ஒருமுறை' என்று நான் சொன்னதும் அவர் மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டார். பிறகு அவர், "அப்ப வேண்டாம்" என்றார். கழித்துப் போட்ட தெருவிளக்குத் தலை ஒன்றைப் பழைய நண்பர்கள் மூலம் கேட்கலாமா என்று நான் கேட்டேன். "முப்பத்தொரு வருஷத்துல ஒரு ஸ்க்ரூ வீட்டுக்குக் கொண்டு வந்ததில்லை. இப்ப கல்லுக்காகத் திருடணுமா?" என்றார்.

மருத்துவமனைத் தொட்டிக்காரர்தான் வழி சொன்னார். தன்னிடம் பழைய எல்இடி விளக்கு ஒன்று கிடப்பதாகவும், விசிறி மட்டும் மாற்ற வேண்டும் என்றும் சொல்லி, நாங்கள் கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டார். கறுப்புப் பெட்டி. இரண்டு குமிழ்கள். ஒன்று வெள்ளைக்கு, ஒன்று நீலத்துக்கு. எண்கள் தேய்ந்து போயிருந்தன. விசிறியை அப்பா படுக்கையில் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்க மாற்றினார். நான் கைகொடுக்கப் போனபோது, "நீ அளக்குறவ. இது மாட்டுறவன் வேலை" என்றார்.

மூன்று பவளத் துண்டுகள் வந்தன. பொத்தான் போல விரிகிற பச்சைக் கூட்டம் ஒன்று. காளான் போல ஒன்று. மூன்றாவதன் நுனிகள் சுத்தியல் வடிவத்தில் இருந்ததால் அதற்கே சுத்தியல் என்று பெயர். அதற்கு மூன்று தலை. அப்பாவுக்கு அதுதான் பிடித்தது. நீல விளக்கில் அது பச்சையாக எரிந்தது.

"வெள்ளையைக் குறைச்சுடலாம்மா. நீலத்துலதான் இதுக்குக் களை வருது" என்று வெள்ளைக் குமிழை ஏறக்குறைய முழுவதும் குறைத்தார்.

நான் ஆய்வகத்திலிருந்து மீட்டர் கொண்டு வந்திருந்தேன். அதன் கண்ணைப் பாலித்தீனில் சுற்றி, மூன்று துண்டுகளும் இருந்த உயரத்தில் தண்ணீருக்குள் பிடித்தேன். மூவாயிரத்து நானூறு லக்ஸ். இணையத்தில் எடுத்த ஒரு பழைய அட்டவணை, இந்த வகைப் பவளங்களுக்குக் குறைந்தது பதினைந்தாயிரம் வேண்டும் என்றது. நீலக் குமிழைத் திருப்பினேன். ஐந்தாயிரம். முழுக்கத் திருப்பினேன். ஏழாயிரம். விளக்கை ஒரு சாண் கீழே இறக்கிக் கட்டினேன். ஒன்பதாயிரத்து எண்ணூறு.

அப்பா கையை விளக்குக்குக் கீழே நீட்டினார்.

"அதிகமா இருக்கேம்மா. தோல் மினுங்குது. நீ பக்கத்துல வந்து பாரேன், கண்ணு கூசுது."

"அப்பா, இன்னும் பத்தவே இல்லை. மீட்டர் பொய் சொல்லாது."

"நான் எதுக்குச் சொல்றேன்னா..."

"பட்டினி போட்டுடுவீங்க அதுங்களை."

கையை எடுத்துக்கொண்டார். "சரி. உனக்குத் தெரியும்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நம்பினார்.

இரண்டாம் நாள் பொத்தான்கள் மூடிக்கொண்டன. மூன்றாம் நாள் காளான் சுருங்கியது. ஐந்தாம் நாள் சுத்தியலின் பழுப்புத் தசை வெளுக்கத் தொடங்கியது. நான் வேலையிலிருந்து வரும்போது அப்பா தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்.

"வெளிச்சமா இருக்குமோ?" என்று ஒரே ஒருமுறை கேட்டார்.

"வெளிச்சம் குறைவுதான்பா, அதிகம் இல்லை. தண்ணியைப் பாருங்க."

தண்ணீரைப் பார்த்தார். நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், அம்மா கடைக்குப் போயிருந்த நேரத்தில், மூக்கில் குழாயோடு உப்பு நீரைக் கலக்கி, அரை வாளி அரை வாளியாகத் தூக்கி ஊற்றியிருக்கிறார். மூன்று நாள். மூன்றாம் நாள் அம்மா திரும்பி வந்தபோது வாளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். உதடு நீலமாக இருந்தது.

"ஏங்க, இந்தக் கல்லுக்காக உயிரை விடப்போறீங்களா?" என்று அம்மா கத்தினாளாம்.

"பொண்ணு அளந்து வச்சுட்டுப் போயிருக்கா. தண்ணியாவது நான் சரியா பார்த்துக்க வேணாமா?" என்றாராம்.

அன்று சாயங்காலம் மருத்துவமனையில் சேர்த்தோம்.

கிருமித் தொற்று என்றார் டாக்டர். வாளி தூக்கியதால் வந்ததில்லை என்றார். நான் மூன்று முறை கேட்டேன். மூன்றாம் முறை அவர் பேனாவை மூடிவிட்டு, "நீங்க என்ன பதிலை எதிர்பார்க்குறீங்க?" என்று கேட்டார்.

அப்பாவுக்கு முகத்தை இறுக்கிப் பிடிக்கும் முகமூடி போட்டிருந்தார்கள். நான் போகும்போதெல்லாம் ஐந்து விரலையும் குவித்து, மெல்ல விரித்துக் காட்டுவார். திறந்ததா என்று அர்த்தம். கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறது என்று சொன்னேன். பொய். போட்டோ எடுத்து வா என்று சைகை செய்தார். நாளைக்கு என்றேன். அவர் வீடு திரும்பும்போது ஒன்றாவது விரிந்திருக்க வேண்டும். அந்த நான்கு நாளும் நான் வேறு எதையும் நினைக்கவில்லை. வேறு எதையும் நினைக்க எனக்குத் தைரியம் இல்லை.

நான்காம் நாள் ஆய்வகத்தில் ஒரு புகார் என் மேசைக்கு வந்தது. குழந்தைகள் மருத்துவமனை ஒன்று, மஞ்சள் காமாலைக் குழந்தைகளைப் படுக்க வைக்கும் நீல விளக்கைத் தங்கள் லக்ஸ் மீட்டரால் அளந்திருக்கிறது. மீட்டர் மிகக் குறைவாகக் காட்டுகிறது, பழுது என்று எழுதியிருந்தார்கள். இப்படி வருடத்துக்கு நாலைந்து வரும். பதில் எனக்கு மனப்பாடம். தட்டச்சு செய்தேன்: லக்ஸ் மீட்டர் மனிதக் கண்ணின் உணர்வைப் பின்பற்றுகிறது. நம் கண் பச்சையை நன்றாகவும் நீலத்தை மிகக் குறைவாகவும் உணர்கிறது. ஆகவே நீல விளக்கின் உண்மையான ஆற்றலில் சிறு பங்கையே இந்த மீட்டர் காட்டும். நீல ஒளியை அளக்க இதைப் பயன்படுத்த வேண்டாம்.

அந்தக் கடைசி வாக்கியத்தை அடித்து முடித்ததும் கை நின்றுவிட்டது.

கண்ணின் அந்த வளைகோட்டுப் படம் என் மேசைக்கு மேலே சுவரில் மாட்டியிருக்கிறது. மாட்டியவள் நான். அட்டவணை வெள்ளை விளக்குக்கானது. அப்பாவின் தொட்டியில் இருந்தது ஏறக்குறைய முழு நீலம். மீட்டர் பழுதில்லை. அதனிடம் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டிருந்தேன். பவளத்துக்கு உள்ளே இருக்கும் பாசி, வெளிச்சம் அளவுக்கு மீறினால் விஷமாகிவிடும். பவளம் அதைத் துப்பிவிடும். துப்பிவிட்டால் சமைத்துப்போட ஆளில்லை. வெளுத்துப் போய்க் கிடக்கும். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது பட்டினி அல்ல. எரிவது.

வீட்டுக்கு ஓடினேன். விளக்கைக் கழற்றி ஒரு துணிப்பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஆய்வகத்துக்கே திரும்பி வந்தேன். எங்கள் மேலாளர் வாசலில் மறித்தார்.

"என்னம்மா இது? பாதி நாள் லீவு போட்டுட்டு சமையல் அடுப்பைத் தூக்கிட்டு வர்ற?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சுவரிலிருந்த வளைகோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நீலத்தையும் சேர்த்து அளக்கும் பெரிய கருவி இருக்கும் இருட்டறையின் சாவியை மேசைமேல் வைத்தார். அளந்தோம். தேவையைவிட ஆறு மடங்கு. மேலாளர் கணக்கை இரண்டாம் முறை போட்டுப் பார்த்தார், எனக்காக. ஆறேதான் வந்தது.

அப்பா கையை நீட்டியபோது நான் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கலாம். இரண்டே எட்டு வைக்கும் தூரம்.

மறுநாள் அவரிடம் சொன்னேன். முகமூடியைச் சற்று விலக்க நர்ஸ் இரண்டு நிமிடம் அனுமதித்தார்.

"அப்பா, பவளம் திறக்கலை. நான் பொய் சொன்னேன். வெளிச்சம்தான் அதிகம். நீங்க சொன்னதுதான் சரி. நான் தப்பா அளந்துட்டேன்."

மூச்சு வாங்கினார். "எவ்வளவு?"

"ஆறு மடங்கு."

கண்ணை மூடித் திறந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட வேண்டும் என்று விரும்பினேன்.

"உங்க ஆபீஸ்ல... யாருக்காவது தெரியுமா?"

"மேலாளருக்குத் தெரியும்."

"ஐயையோ. ஏம்மா சொன்னே?" தலையைத் தூக்கப் பார்த்தார். "நான் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். வேலைக்கு ஏதாவது வந்துடப்போகுது. வேற யார்கிட்டயும் சொல்லாதே."

"அப்பா, அதுங்க செத்துக்கிட்டு இருக்கு."

"நான் மாட்டினது சரியில்லைன்னு சொல்லிடு" என்றார். "விசிறி மாத்தினப்ப ஏதோ பண்ணிட்டார்னு சொல்லு. நான்தானே மாட்டினேன்."

நர்ஸ் முகமூடியை மறுபடி இறுக்கினார். அதற்குப் பிறகு அவரால் பேச முடியவில்லை. வாளிகளைப் பற்றி நான் கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் இறந்தார்.

யாரிடமும் சொல்லாதே என்றார். எழுதிவிட்டேன். விசிறி சரியாகத்தான் மாட்டியிருந்தது. இப்போதும் சத்தமில்லாமல் சுற்றுகிறது.

பொத்தான்கள் அவர் இறந்த வாரத்திலேயே கரைந்து போயின. காளான் அதற்கடுத்த வாரம். சுத்தியலின் மூன்று தலையில் இரண்டு வெறும் எலும்பாகிப் பாசி பிடித்துவிட்டது. மூன்றாவதில் தசை ஒட்டிக்கொண்டிருந்தது, கண்ணாடி போல வெளுத்து. அளந்த அன்றே ஆறில் ஒரு பங்காக்கியிருந்த வெளிச்சத்தை இப்போது இன்னும் குறைத்தேன். தொட்டிக்காரரை போனில் கூப்பிட்டேன். அப்பா இறந்ததை முதலில் சொன்னேன், பவளம் வெளுத்ததை அடுத்து. அவர் சொன்னார்: "பாசி திரும்பி வர மாசக்கணக்கா ஆகும்மா. அதுவரை வாயில ஊட்டித்தான் காப்பாத்தணும். பிழைக்கும்னு சொல்ல மாட்டேன். இறாலை நசுக்கிக் கொடுத்துப் பாருங்க."

தொட்டித் தண்ணீரைச் சுழற்றும் மோட்டாரை நிறுத்திவிட்டு, நசுக்கிய இறாலை சிரிஞ்சில் எடுத்து, அந்தத் தலையின் நடுவில் மெல்ல விடுவேன். அரை மணி நேரம் அப்படியே கிடக்கும். பிறகு நழுவி மணலில் விழும். எடுத்துக் கொட்டுவேன். ஒருநாள் விட்டு ஒருநாள். ஐந்து வாரம். சுருங்கிய தசை ஒவ்வொரு வாரமும் எலும்பின் விளிம்பிலிருந்து இன்னும் கொஞ்சம் விலகியது. நான் அதை வரைபடம் போட்டேன். கோடு எங்கே முடியும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

உறவினர்கள் தொட்டியைக் கொடுத்துவிடு என்றார்கள். வாடகைக்குக் கொடுத்தவர்கள் ஆக்சிஜன் இயந்திரத்தைத் திருப்பி எடுத்துப் போய்விட்டார்கள். அந்த இரைச்சல் போன பிறகு வீட்டில் எதுவும் ஓடாதது போல இருந்தது. அம்மா தொட்டிப் பக்கம் வரவே மாட்டாள். கூடத்தைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள்.

போன ஞாயிறு மத்தியானம் இறாலை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"அது உசுரோட இருக்கா, இல்லையா? தெளிவா சொல்லுடி."

"தெரியலைம்மா."

"அளக்குறவதானே நீ?"

நான் சிரிஞ்சைக் கழுவி வைத்தேன். கால்மணி நேரம் போயிருக்கும். அம்மா போகாமல் நின்றாள். பிறகு குனிந்தாள். கண்ணாடியில் மூக்கு முட்டுகிற அளவுக்கு.

"இங்கே பாரு."

வெளுத்த தசையின் நடுவில் ஒரு கோடு பிளந்திருந்தது. இறால் துணுக்கு அதன் விளிம்பில் சாய்ந்து கிடந்தது. ஒரு நிமிடத்துக்கு ஒரு மயிரிழை வீதம் அது உள்ளே போனது. இருவரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். துணுக்கு மறைந்தது. கோடு மூடியது.

அம்மா நிமிர்ந்தாள். அவள் முகத்தில் இருந்தது சந்தோஷம் இல்லை.

"அவர் ஒன்பது நாள் ஒரு வாய் சாப்பிடலை" என்றாள். "இது சாப்பிடுது."

சமையலறைக்குப் போனாள். பாத்திரத்தை உருட்டும் சத்தம் கேட்டது. குழாயில் தண்ணீர் வெகுநேரம் ஓடியது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். நாற்காலியை இழுத்துத் தொட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்தக் கிண்ணத்துல இன்னும் இருக்கா?"

"இருக்கும்மா. ஆனா ஒரே நாள்ல அதிகம் கொடுக்கக் கூடாது."

"எவ்வளவு கொடுக்கலாம்?"

"தெரியலை."

கையை நீட்டினாள். சிரிஞ்சைக் கொடுத்தேன்.